ரீட்ரை வைப்பதற்கு முன்: ஒரு குபெர்னெட்டிஸ் ஆபரேட்டரின் எண்ட்-டு-எண்ட் சோதனைகள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பல கணினிகளை ஒரே கிளஸ்டராகச் சேர்த்து அவற்றில் நிரல்களை ஓட்டி நிர்வகிப்பது குபெர்னெட்டிஸ். அதில் ஒரு தரவுத்தளத்தை நிறுவி, பராமரித்து, கெட்டால் மீட்டெடுக்கும் ஆபரேட்டர் என்ற நிரல் ஒன்றை உங்கள் குழு கோ மொழியில் எழுதுகிறது. கிளஸ்டரில் முழு வேலையையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டிப் பார்க்கும் 40 எண்ட்-டு-எண்ட் சோதனைகள் இருக்கின்றன. உங்கள் மடிக்கணினியில் எல்லாம் தேறுகின்றன. நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும் சிஐ எந்திரத்தில் ஐந்து ஓட்டங்களுக்கு ஒன்று தோற்கிறது. தோற்பது ஒவ்வொரு முறையும் வேறு சோதனை. முழு ஓட்டத்துக்கு 50 நிமிடம் பிடிக்கிறது. தோற்ற சோதனையை மூன்று முறை ரீட்ரை (தானாக மறு ஓட்டம்) செய்துவிடலாமே என்கிறார் மேலாளர். குபெர்னெட்டிஸ் திட்டம் தன் சோதனைகளை எப்படிக் கட்டி ஓட்டுகிறது, அதில் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பது உங்கள் கேள்வி.

மேலாளருக்கான பதில்: இப்போது வேண்டாம். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு சோதனையும் 200 ஓட்டங்களுக்கு ஒரே ஒரு முறை காரணமின்றித் தவறுகிறது என்று வையுங்கள். தனியாகப் பார்த்தால் அது யார் கண்ணிலும் படாது. ஆனால் 40 சோதனைகளும் சேர்ந்து தேறும் வாய்ப்பு 82 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஐந்துக்கு ஒன்று தோற்கும், ஒவ்வொரு முறையும் வேறொன்று தோற்கும். நீங்கள் சொல்லும் நிலைமை அச்சாக இதுதான். ஆகவே எந்தச் சோதனை கெட்டது என்று தேடிப் பயனில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பழக்கம் கெட்டிருக்கிறது. பத்துக்கு எட்டு இடங்களில் நான் பார்த்த வரை, அது காத்திருக்கும் முறை.

ரீட்ரை வைத்தால் 200-க்கு ஒன்று என்பது பல லட்சத்துக்கு ஒன்றுக்கும் கீழே போய்விடும், பலகை பச்சையாகும். அந்த 200-க்கு ஒன்றில் சில உங்கள் ஆபரேட்டரின் உண்மையான பிழைகளாக இருக்கும். வாடிக்கையாளரின் கிளஸ்டரில் தரவுத்தளம் தவறாக எழுந்தால் அங்கே ரீட்ரை கிடையாது.

காத்திருப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குபெர்னெட்டிஸிடம் நாம் கொடுப்பது கட்டளை அல்ல, விருப்பம். கோரிக்கைகளை வாங்கும் ஏபிஐ சர்வர் 'சரி' என்று பதில் சொன்னால், உங்கள் விருப்பம் எட்சிடி என்ற சேமிப்பகத்தில் எழுதப்பட்டுவிட்டது என்று மட்டுமே பொருள். அதன்பின் வேலையை எந்தக் கணினிக்கு (நோட்) தருவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர், ஒவ்வொரு நோடிலும் கன்டெய்னர்களை ஓட்டவைக்கும் கியூப்லெட், விருப்பத்தையும் நிலையையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் கன்ட்ரோலர்கள், நெட்வொர்க் பாதை விதிகளை எழுதும் கியூப்-ப்ராக்ஸி எல்லாம் தத்தம் வேகத்தில் அதைப் பார்த்து வேலையைத் தொடங்கும். மடிக்கணினியில் இந்த இடைவெளி சில மில்லிவினாடிகள். இரண்டு கோர்களைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் சிஐ எந்திரத்தில் அது பல வினாடிகளாக நீளும். சோதனை அந்த இடைவெளியில் கால் வைத்தால் விழும்.

மூன்று இடங்களை முதலில் பாருங்கள். கிளஸ்டருக்குள் தனி அறை போன்ற புதிய நேம்ஸ்பேஸை உருவாக்கிய கையோடு அதில் பாட் (ஒன்றோ பலவோ கன்டெய்னர்கள் சேர்ந்த அலகு) உருவாக்கினால், சில சமயம் பாடின் அடையாளமான 'டிஃபால்ட்' சர்வீஸ் அக்கவுன்ட் இல்லை என்று ஏபிஐ சர்வர் மறுக்கும். அந்த அக்கவுன்ட்டைப் போடுவது வேறொரு கன்ட்ரோலர். அது இன்னும் வந்து சேரவில்லை. குபெர்னெட்டிஸின் சொந்தச் சோதனைச் சட்டகம் நேம்ஸ்பேஸ் உருவாக்கியவுடன் இதற்காகவே காத்திருக்கிறது. அடுத்தது, பாட் 'ரெடி' ஆகிவிட்டது என்பதாலேயே, பல பாட்களுக்கு ஒரே முகவரியாக நிற்கும் சர்வீஸ் வழியாக அதை எட்டிவிடலாம் என்று நினைப்பது. சர்வீஸின் பின்னால் எந்தெந்தப் பாட்கள் என்ற எண்ட்பாயின்ட் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு, ஒவ்வொரு நோடிலும் கியூப்-ப்ராக்ஸி விதிகளை மாற்றிய பிறகுதான் பாதை திறக்கும். சர்வீஸை நம்பும் சோதனை, சர்வீஸ் வழியாகவே ஒரு கோரிக்கை அனுப்பி, அது பலிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆபரேட்டர் எழுதுபவர்களுக்கே உரியது. தரவுத்தளத்தின் பிரதிகளை 3-லிருந்து 5-ஆக மாற்றிவிட்டு, நடப்பு நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸில் 'ரெடி' உண்மையா என்று பார்க்கிறீர்கள். உண்மைதான், ஆனால் அது பழைய 3 பிரதிகளுக்கான உண்மை! ஆபரேட்டர் உங்கள் மாற்றத்தை இன்னும் பார்க்கவேயில்லை. உங்கள் தரவுத்தளப் பொருளின் மெட்டாடேட்டாவில் 'ஜெனரேஷன்' என்ற எண் இருக்கிறது. உங்கள் விருப்பத்தைச் சொல்லும் ஸ்பெக் மாறினால் அது ஏறும். உங்கள் ஆபரேட்டர் தான் கடைசியாகக் கண்ட எண்ணை ஸ்டேட்டஸில் 'அப்சர்வ்டு ஜெனரேஷன்' என்று எழுத வேண்டும். சோதனை இரண்டும் சமமா என்று பார்த்த பிறகே 'ரெடி'யை நம்ப வேண்டும். இதை நீங்கள் இன்னும் எழுதவில்லை என்றால் குறை சோதனையில் இல்லை, ஆபரேட்டரில் இருக்கிறது. உங்கள் பயனர்களும் இதே குழியில்தான் விழுந்துகொண்டிருப்பார்கள்.

குறித்த வினாடிகள் சும்மா நிற்கும் ஸ்லீப் போட்டுச் சமாளிப்பது இரண்டு பக்கமும் நஷ்டம். 10 வினாடி ஸ்லீப், தேறும் ஓட்டத்திலும் 10 வினாடியைத் தின்னும். எந்திரம் மெதுவாக இருக்கும் நாளில் போதாமலும் போகும். நிபந்தனையை வினாடிக்கொரு முறை பார்த்துக்கொண்டே 5 நிமிடம் வரை பொறுத்திருக்கும் சோதனை, எல்லாம் சரியாக நடக்கும் நாளில் அந்த 5 நிமிடத்தைத் தொடவே தொடாது. ஆகவே டைம்அவுட்டைத் தாராளமாக வையுங்கள். வேகத்தை அளப்பது இந்தச் சோதனையின் வேலை அல்ல.

ஒரு நுட்பமான தவறு: நிபந்தனையைப் பார்க்கும் செயற்கூறு பிழையைத் திருப்பித் தந்தால், குபெர்னெட்டிஸின் கோ வெயிட் நூலகம் அங்கேயே காத்திருப்பதை நிறுத்திவிடும். ஏபிஐ சர்வருடனான இணைப்பு ஒரு கணம் அறுந்ததற்காக முழுச் சோதனையும் சாகும். தற்காலிகப் பிழை என்றால் 'இன்னும் இல்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு, பிழையை நினைவில் வைத்து, கடைசியில் தோற்றால் அதை அச்சிடுங்கள். அச்சிடாவிட்டால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்: நிபந்தனைக்காகக் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது என்ற ஒற்றை வரி. எந்த நிபந்தனை, கடைசியாக எந்த நிலையில் இருந்தது, எதுவும் இருக்காது. குபெர்னெட்டிஸ் உலகில் அதிகம் சபிக்கப்பட்ட பிழைச்செய்தி இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து 50 நிமிடம். சோதனை முடிந்து துடைக்கும்போது எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்தீர்களா? பாட் ஒன்றை நீக்கினால் கியூப்லெட் முதலில் 'நின்றுவிடு' என்னும் சிக்டெர்ம் சமிக்ஞையை அனுப்பும். அதை மதிக்காத நிரலுக்கு இயல்பாக 30 வினாடி அவகாசம் தந்து, பிறகே கொல்லும். கன்டெய்னரின் முதல் செயலாக வெறும் ஸ்லீப்பையோ ஒரு ஷெல்லையோ ஓட்டினால் அது சிக்டெர்மைக் கண்டுகொள்ளாது. 40 சோதனைகளுக்குத் தலா 30 வினாடி என்றால் 20 நிமிடம். சும்மா நிற்கும் பாட் தேவை என்றால் குபெர்னெட்டிஸ் சோதனைகளைப் போல 'பாஸ்' இமேஜையோ (இமேஜ் என்பது கன்டெய்னருக்கான நிரல் தொகுப்பு) 'அக்ன்ஹோஸ்ட்' இமேஜையோ பயன்படுத்துங்கள். அக்ன்ஹோஸ்ட், முன்பு தனித்தனியாக இருந்த பல சோதனை இமேஜ்களை ஒன்றாக்கியது. எச்டிடிபி சர்வர், டிஎன்எஸ் பரிசோதனை, நெட்வொர்க் பரிசோதனை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. உங்கள் தரவுத்தளமே சிக்டெர்மை மதிக்கவில்லை என்று தெரியவந்தால், வாழ்த்துகள், ஓர் உண்மையான பிழையைப் பிடித்துவிட்டீர்கள்.

இனி குபெர்னெட்டிஸ் திட்டத்தின் வழி. அதன் எண்ட்-டு-எண்ட் சோதனைகள் மூலநிரலிலேயே, டெஸ்ட் அடைவுக்குள் இருக்கின்றன. ஜிங்கோ, கொமேகா என்ற இரண்டு கோ நூலகங்களால் எழுதப்பட்டவை. கட்டினால் எல்லாம் ஒரே இயங்கு கோப்பாக வருகிறது. ஒவ்வொரு வெளியீட்டுடனும் அந்தக் கோப்பு தனித் தொகுப்பாக வெளியிடப்படுகிறது. கிளஸ்டரின் முகவரியும் நுழைவுச் சான்றும் உள்ள கியூப்கான்ஃபிக் கோப்பைக் காட்டினால் போதும், எந்தக் கிளஸ்டர் மீதும் ஓடும். கிளஸ்டரை எழுப்புவது ஒரு வேலை, சோதிப்பது இன்னொரு வேலை என்ற இந்தப் பிரிவினைதான் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம். உங்கள் சோதனைக்குள்ளேயே கிளஸ்டரை உருவாக்கும் நிரல் இருந்தால் வெளியே எடுங்கள். குபெர்னெட்டிஸைப் பேணும் அறக்கட்டளையான சிஎன்சிஎஃப் 2017-இல் தொடங்கிய 'சர்டிஃபைடு குபெர்னெட்டிஸ்' சான்றிதழ் இந்தப் பிரிவினையில்தான் நிற்கிறது. கன்ஃபார்மன்ஸ் (தரத்துக்கு இணக்கம்) என்று குறியிட்ட சோதனைகளை எந்த நிறுவனமும் தன் கிளஸ்டர் மீது தானே ஓட்டி முடிவைக் காட்டலாம்.

ஆனால் எந்தக் கிளஸ்டர் என்று சொல்ல மறக்கக் கூடாது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், கியூப்கான்ஃபிக் தராவிட்டால் நடப்புக் கான்டெக்ஸ்ட்டை, அதாவது அப்போது தேர்ந்தெடுத்திருக்கும் கிளஸ்டரை, எடுத்துக்கொள்ளும்படி நானே சோதனையை எழுதியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் நடப்புக் கான்டெக்ஸ்ட், நான்கு குழுக்கள் பகிர்ந்துகொண்ட ஸ்டேஜிங் (வெளியீட்டுக்கு முந்தைய ஒத்திகை) கிளஸ்டராக இருந்தது. நோடுகளைக் காலி செய்யும் சோதனை அங்கே மிக அழகாகத் தேறியது. திங்கட்கிழமை வரை யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதும் எந்தச் சோதனையும், கியூப்கான்ஃபிக்கை வெளிப்படையாகத் தராவிட்டால் ஓட மறுக்கும்.

ஜிங்கோவில் புதியவர்கள் இடறும் இடங்கள் இரண்டு. சோதனைகளைத் தொகுக்கும் 'டிஸ்கிரைப்' உடலுக்குள் எழுதும் நிரல் சோதனை ஓடும்போது ஓடுவதில்லை. சோதனை மரத்தைக் கட்டும்போதே ஓடிவிடுகிறது. அங்கே கிளையன்ட்டைத் தொட்டால் அது இன்னும் பிறந்திருக்காது. அறிவிப்பு மட்டும் அங்கே, மதிப்பு தருவது ஒவ்வொரு சோதனைக்கும் முன் ஓடும் 'பிஃபோர்ஈச்'சில். இரண்டாவது, ஜிங்கோவில் இணையாக ஓட்டுவது என்றால் தனித்தனிச் செயல்முறைகள். பொது மாறிகள் ஒன்றுக்கொன்று தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே முறை செய்ய வேண்டிய தயாரிப்பை 'சிங்க்ரனைஸ்டு பிஃபோர்சூட்'டில் வையுங்கள்.

குபெர்னெட்டிஸின் ஓட்டு ஸ்கிரிப்ட்டில் இணை ஓட்டம் என்று சொன்னால் இயல்பாக 25 செயல்முறைகள் கிளம்பும். இது சாத்தியமாவதற்குக் காரணம் குறிச்சொற்கள். மெதுவான சோதனைக்கு 'ஸ்லோ', மற்றதோடு சேர்ந்து ஓட முடியாததற்கு 'சீரியல்', தான் உருவாக்காத பாட்களையும் பாதிக்கக்கூடியதற்கு 'டிஸ்ரப்டிவ்', நம்பமுடியாததற்கு 'ஃப்ளேக்கி'. சோதனையின் பெயரிலேயே சதுர அடைப்புக்குள் இவை எழுதப்பட்டிருக்கும். வழக்கமான ஓட்டம் இவற்றையெல்லாம் தவிர்த்துவிட்டு மீதியை இணையாக ஓட்டும். தவிர்த்தவற்றுக்குத் தனி ஓட்டங்கள் உண்டு. உங்கள் 40-ஐ இன்று மாலையே இப்படிப் பிரித்துவிடலாம். 30-க்கு மேல் இணையாக ஓடக்கூடியவையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

இணையாக ஓட்டத் தொடங்கியதும் சோதனைகள் ஒன்றையொன்று மிதிக்கும். நேம்ஸ்பேஸுக்குள் அடங்குபவை பிரச்சினை அல்ல. ஒவ்வொரு சோதனைக்கும் தற்செயல் பெயருடன் ஒரு புதிய நேம்ஸ்பேஸ், முடிந்ததும் நீக்கம். அடங்காதவைதான் தொல்லை: அனுமதிகளைச் சொல்லும் கிளஸ்டர்ரோல், பாட்களின் முன்னுரிமையைச் சொல்லும் பிரையாரிட்டிகிளாஸ், சர்வீஸுக்காக ஒவ்வொரு நோடிலும் திறக்கும்படி கையால் கொடுத்த நோட்போர்ட் எண். நோட்போர்ட் எண்ணைக் கிளஸ்டரே தரட்டும். இவற்றிலெல்லாம் கொடியது வெப்ஹுக், அதாவது ஒரு கோரிக்கையை ஏற்கும் முன் ஏபிஐ சர்வர் கேட்கும் வெளி நிரல். ஒரு சோதனை, பதில் வராவிட்டால் கோரிக்கையை மறுத்துவிடும்படி ஒரு வேலிடேட்டிங் வெப்ஹுக்கைப் பதிவு செய்து, எந்த நேம்ஸ்பேஸுக்கு மட்டும் என்று சொல்லும் நேம்ஸ்பேஸ் செலக்டர் வைக்க மறந்து, பின்னாலுள்ள பாடை நீக்கிவிட்டால், அந்தக் கணம் முதல் கிளஸ்டர் முழுக்க அந்த வகைக் கோரிக்கைகள் எல்லாம் மறுக்கப்படும். தோற்பது வேறு ஏதோ அப்பாவிச் சோதனை. குபெர்னெட்டிஸின் வெப்ஹுக் சோதனைகள் தமக்கே உரிய ஒரு லேபிளை நேம்ஸ்பேஸில் ஒட்டி, அதைக் கொண்ட இடத்தில் மட்டுமே வெப்ஹுக் பாயும்படி கட்டப்பட்டிருப்பது இதனால்தான்.

40 சோதனைகளுக்கும் முழுக் கிளஸ்டர் தேவையா என்பதையும் பாருங்கள். ஸ்பெக் சரிபார்ப்பு, ஆபரேட்டர் எந்தெந்தப் பொருட்களை உருவாக்குகிறது போன்றவற்றுக்கு ஆபரேட்டர் எழுத உதவும் கோ நூலகமான கன்ட்ரோலர்-ரன்டைமில் வரும் என்வ்டெஸ்ட் போதும். அது ஏபிஐ சர்வரையும் எட்சிடியையும் மட்டும் எழுப்புகிறது, வினாடிகளில் தயார். ஆனால் அங்கே கியூப்லெட்டும் இல்லை, குபெர்னெட்டிஸின் சொந்தக் கன்ட்ரோலர்களை ஓட்டும் கன்ட்ரோலர் மேனேஜரும் இல்லை. நிலையான பெயர் கொண்ட பாட்களைக் கேட்கும் ஸ்டேட்ஃபுல்செட் உருவாக்கினால் பாட் பிறக்காது. உரிமையாளரை நீக்கினால் பிள்ளைகள் நீங்கா. நேம்ஸ்பேஸை நீக்கினால் 'டெர்மினேட்டிங்' நிலையிலேயே நின்றுவிடும். இது தெரியாமல் அங்கே துடைப்புச் சோதனை எழுதி இரண்டு நாளைத் தொலைத்தவர்களை நான் அறிவேன்.

மீதிக்கு, ஒரே கணினியில் முழுக் கிளஸ்டரை எழுப்பும் கைண்ட். குபெர்னெட்டிஸையே சோதிப்பதற்காக எழுந்த கருவி அது. ஒவ்வொரு நோடும் ஒரு டாக்கர் கன்டெய்னர், அதற்குள் கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்டியும் கியூப்லெட்டும். மூலநிரலிலிருந்து நோட் இமேஜைக் கட்டி, இன்னும் வெளியாகாத குபெர்னெட்டிஸைக்கூட எழுப்பலாம். உங்களுக்கு வெளியான பதிப்புகளே போதும். நீங்கள் ஆதரிக்கும் பதிப்புகளில் பழையது ஒன்று, புதியது ஒன்று.

கைண்டில் அடிபடும் இடங்கள் சில. டாக்கரில் கட்டிய இமேஜ் நோடுக்குள் தானாகத் தெரியாது, ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகும் இமேஜை இறக்க முடியவில்லை என்னும் இமேஜ்புல்பேக்ஆஃப் வந்தால், இமேஜின் பதிப்புப் பெயரான டேகைப் பாருங்கள். 'லேட்டஸ்ட்' என்றிருந்தால் இயல்பான புல் பாலிசி 'ஆல்வேஸ்'. கையிலிருக்கும் இமேஜை விட்டுவிட்டு இமேஜ் களஞ்சியமான ரெஜிஸ்ட்ரியைத் தேடிப் போகும். சிஐ எந்திரத்தில் பாட் லாகுகளில் 'கோப்புகள் அதிகமாகத் திறந்துள்ளன' என்ற பிழை வந்தால் பெரும்பாலும் காரணம், கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபைக்கு ஹோஸ்ட் வைத்த வரம்பு. கைண்ட் ஆவணங்கள் இன்ஸ்டன்ஸ் வரம்பை 512 ஆகவும் வாட்ச் வரம்பை 524288 ஆகவும் உயர்த்தச் சொல்கின்றன.

உங்களுடையது தரவுத்தளம் என்பதால் இன்னொன்று. கைண்டின் இயல்பான ஸ்டோரேஜ் நோடின் வட்டிலேயே ஓர் அடைவு. கேட்ட அளவுக்கு மேல் எழுதினாலும் தடுக்காது. வால்யூமைப் பெரிதாக்கவும் முடியாது. நோட் செத்தால் அந்த பாட் வேறு நோடுக்குப் போகவும் முடியாது, தரவு அங்கேதானே இருக்கிறது. ஆகவே நோட் மரணச் சோதனைகளை, வேறு நோடில் மாட்டக்கூடிய வட்டுகள் கொண்ட கிளஸ்டரில் மட்டும் ஓட்டுங்கள். அங்கும் பொறுமை வேண்டும். நோட் எட்டாமல் போனாலும் பாட்கள் இயல்பாக 300 வினாடி சகித்துக்கொண்டு இருக்கும். அதன் பிறகே வெளியேற்றம் தொடங்கும். ஸ்டேட்ஃபுல்செட் பாட் என்றால் வெளியேற்றிய பிறகும் 'டெர்மினேட்டிங்' என்றே நிற்கும். பழைய பிரதி நிஜமாகச் செத்ததா என்று தெரியாமல் அதே பெயரில் இன்னொன்றை எழுப்பினால் ஒரே தரவில் இருவர் எழுதுவார்கள் என்று குபெர்னெட்டிஸ் வேண்டுமென்றே தயங்குகிறது. 2 நிமிட டைம்அவுட்டோடு இதைச் சோதித்தால் தோற்காமல் என்ன செய்யும்? சகிப்பு வினாடிகளைச் சோதனையில் குறைத்து வையுங்கள். அந்தத் தயக்கத்துக்கு உங்கள் ஆபரேட்டர் என்ன செய்கிறது என்பதையே சோதனையின் கேள்வியாக்குங்கள்.

தோற்கும்போது தடயம் வேண்டும். நேம்ஸ்பேஸை நீக்குவதற்கு முன் அதிலுள்ள ஈவென்ட்கள், பாட்களின் முழு நிலை, ஆபரேட்டரின் லாக், மறுதொடக்கம் ஆன கன்டெய்னராக இருந்தால் முந்தைய ஓட்டத்தின் லாக். கைண்டில் நோடுகளின் லாகுகள் அத்தனையையும் ஒரே கட்டளையில் வெளியே எடுக்கலாம். இவையெல்லாம் கிடைக்காத தோல்வி, நடக்காத தோல்விக்குச் சமம். பிறகு முடிவுகளைக் கட்டம் போட்டுப் பாருங்கள். குபெர்னெட்டிஸ் திட்டத்தில் ப்ரோ என்ற அமைப்பு சோதனைகளை ஓட்ட, டெஸ்ட்கிரிட் அதைக் கட்டமாகக் காட்டுகிறது: வரிசைக்கொரு சோதனை, நெடுக்கைக்கொரு ஓட்டம். நெடுக்கை முழுக்கச் சிவப்பாக இருந்தால் அன்று கிளஸ்டரே சரியில்லை. ஒரு வரிசை கிழிந்த துணிபோல் ஆங்காங்கே சிவப்பாக இருந்தால் அந்தச் சோதனையிலோ அது தொடும் நிரலிலோ குறை. உங்களுக்கு ஒரு விரிதாளே போதும்.

கடைசியாக, சரிசெய்ததைச் சரிபார்ப்பது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. 200-க்கு ஒரு முறை தவறும் சோதனையை நீங்கள் திருத்தவே இல்லை என்றாலும், 20 முறை ஓட்டினால் 20-ம் தேறுவதற்கு 90 சதவீத வாய்ப்பு உண்டு. 600 முறை ஓட்டித் தேறினால்தான், திருத்தம் பலித்தது என்று 95 சதவீத நம்பிக்கையுடன் சொல்லலாம். ஜிங்கோவில் குறிப்பிட்ட முறை திரும்ப ஓட்டவும், தோற்கும் வரை ஓட்டிக்கொண்டே இருக்கவும் தனித்தனிக் கொடிகள் உண்டு. ஒரு சோதனைக்கு 1 நிமிடம் என்றால் 600 முறைக்கு 10 மணி நேரம். ஐந்து கைண்ட் கிளஸ்டர்களில் பிரித்தால் 2 மணி நேரம். இரவில் ஓடட்டும். காத்திருக்க மனமில்லை என்றால் நோட் கன்டெய்னர்களின் சிபியூவை டாக்கரில் பாதியாகக் குறைத்துவிட்டு உங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். சிஐயில் மட்டும் விழுந்தவற்றில் பல உங்கள் கண்முன்னே விழும்.

அதுவரை, இன்னும் காரணம் தெரியாத சோதனைகளுக்கு 'ஃப்ளேக்கி' என்று குறியிட்டு, பெயரையும் தேதியையும் எழுதித் தனி ஓட்டத்துக்கு மாற்றிவையுங்கள். அந்தத் தனி ஓட்டத்தில் வேண்டுமானால் மேலாளர் ரீட்ரை வைத்துக்கொள்ளட்டும், எத்தனையாவது முயற்சியில் தேறியது என்பதையும் பதிவு செய்வதாக இருந்தால்.